கட்டியைச் சூட்டிலேயே கரைத்துவிட முடியுமா?

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் 1.6 செ.மீ. கட்டி, பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஆரம்ப நிலைதான், கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்று சர்ஜன் தேதியும் கொடுத்துவிட்டார். இப்போது சித்தப்பா, சூடு வைத்தே கட்டியை அழிக்கும் சிகிச்சை வந்திருக்கிறதாம், அவசரப்படாதே என்கிறார். அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டு தேதியைத் தள்ளிப்போடச் சொல்கிறார்.
- பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: தள்ளிப்போடாதீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பா கேள்விப்பட்டது பொய்யில்லை. மார்பில் இருக்கும் கொழுப்பில் தண்ணீர் குறைவு, புற்றுக்கட்டியில் அதிகம், மைக்ரோவேவ் தண்ணீர் உள்ள இடத்தைத்தான் சீக்கிரம் சூடாக்கும், அதனால் மார்பின் இரண்டு பக்கமும் கருவியை வைத்துக் கதிர்களைக் கட்டியை நோக்கிக் குவித்தால், கட்டி 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்போதும் சுற்றியுள்ள சதை பெரும்பாலும் தப்பிவிடும். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் ரேடாருக்காக நடந்த ஆராய்ச்சியிலிருந்து வந்த நுட்பம் இது.

ஆனால் இதை எதற்காகச் சோதித்தார்கள் என்று பாருங்கள். கட்டியை எடுக்கும்போது அதன் விளிம்பில் புற்றணுக்கள் மிச்சமிருந்தால் இரண்டாவது முறை ஆபரேஷன் செய்ய வேண்டிவரும், அதைத் தவிர்க்கலாமா என்பதுதான் கேள்வி. சூடு கொடுத்துவிட்டு எடுத்த 34 பேரில் ஒருவருக்கும் விளிம்பில் மிச்சமில்லை, நேரடியாக எடுத்த 41 பேரில் 4 பேருக்கு இருந்தது. நம்பிக்கை தருகிற விஷயம்தான், ஆனாலும் இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து முடிவு கட்ட முடியாது. சூடு கொடுத்தவர்களுக்கும் ஆபரேஷன் நடந்தது, இதை உங்கள் சித்தப்பாவிடம் அவசியம் சொல்லுங்கள்.

ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி ரேடியோ அலையால் சுடும் முறையும் உண்டு. ஜப்பானில் 2023-ல் அதைக் காப்பீட்டிலேயே சேர்த்தார்கள். அங்கேயும் 1.5 செ.மீ.க்கு உட்பட்ட ஒற்றைக் கட்டிக்குத்தான், அப்புறம் கதிர்வீச்சும் உண்டு. அம்மாவின் கட்டி அந்த அளவைத் தாண்டிவிட்டது.

இன்னொன்று. எடுத்த கட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் அதன் உண்மையான அளவு, விளிம்பு எல்லாம் தெரியும், வெந்துபோன சதையில் அதைச் சரியாகப் படிக்க முடியாது. அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகள் (நிணநீர் முடிச்சுகள்) வரைக்கும் பரவியிருக்கிறதா என்பதையும் அதே ஆபரேஷனில்தான் பார்ப்பார்கள். மேற்கொண்டு என்ன மருந்து என்பதெல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகும்.

அம்மாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து, எதைக் கண்டு பயம் என்று கேளுங்கள். மார்பே போய்விடும் என்ற பயமாக இருக்கலாம், பல பெண்கள் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களையும் மார்பு முழுவதையும் எடுத்தவர்களையும் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 வருடம் தொடர்ந்து பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள். இரு தரப்புக்கும் ஆயுளில் வித்தியாசமில்லை. அம்மாவுக்குச் சொல்லியிருப்பது கட்டியை மட்டும் எடுக்கும் முறைதான். அப்படியும் மனசு சமாதானமாகவில்லை என்றால் இந்த வாரமே இன்னொரு புற்றுநோய் சர்ஜனிடம் ரிப்போர்ட்டுகளைக் காட்டுங்கள், தேதி அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு மார்பில் சின்னதாகக் கட்டி மாதிரி தட்டுப்படுகிறது, வலி இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் கரையுமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: கரையாது. மேலே சொன்ன சூடு வேறு, அது கட்டிக்குள் வெப்பத்தை அளந்துகொண்டே கொடுப்பது. ஒத்தடம் தோலைத்தான் சுடும், நாளும் வீணாகும். வலி இல்லை என்பதால் அலட்சியம் வேண்டாம், புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. எல்லாக் கட்டியும் புற்றுநோயும் இல்லை, அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதற்காகத்தான் மேமோகிராம், ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்ஸி. சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.எச்., ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், எது உங்களுக்கு வசதியோ அங்கே இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.