நாலே ஸ்வரம், ஒன்பது நிமிஷம்

கே: சின்ன லேபிள் (இசை வெளியிடும் கம்பெனி) ஒன்று வெளியிட்ட எலெக்ட்ரானிக் இசைத் தொகுப்பின் டிஜிட்டல் பிரதியை நண்பர் அனுப்பினார். ‘மெலடி ததும்பும் இசை’ என்று குறிப்பில் போட்டிருக்கிறார்கள். முதல் உருப்படியில் நாலே ஸ்வரம், ஒன்பது நிமிஷம், திரும்பத் திரும்ப. இதில் மெலடி எங்கே? என் காதில் கோளாறா?

ப: காதில் கோளாறு இருக்காது. ‘ததும்பும்’ என்று எழுதியவரைத்தான் கொஞ்சம் கண்டிக்க வேண்டும். இந்த வகை இசைக்குக் குறிப்பு எழுதுகிறவர்களுக்குக் கனவு, மூடுபனி, கடலடி மூன்றையும் விட்டால் வேறு சொல் கிடைப்பதில்லை.

அதே தொகுப்பு என்னிடம் வினைலாக, அதாவது இசைத்தட்டாக இருக்கிறது. பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து எண்ணியே பார்த்துவிட்டேன். நிமிஷத்துக்கு 110 தாள அடி, 16 அடிக்கு ஒரு சுற்று. ஆக, அந்த நாலு ஸ்வரம் சுமார் 62 தடவை வருகிறது. முதல் பத்துச் சுற்றும் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பதுபோல் மங்கலாக இருக்கும். ஃபில்டரை வைத்து மேல் அதிர்வெண்களை வெட்டியிருக்கிறார்கள். பிறகு யாரோ அந்தக் கதவை மயிரிழை மயிரிழையாகத் திறக்கிறார்கள். முப்பதாவது சுற்றில்தான் ஸ்வரத்தின் விளிம்பே தெரிகிறது. நாற்பதைத் தாண்டியதும் ஒரே ஒரு சுற்றில் மூன்றாம் ஸ்வரம் வராது. வந்ததாகவே நமக்குக் கேட்கும்! நான் இரண்டு தடவை ஏமாந்தேன்.

பின்னணியில் நீளமாக ஒரு நாதம் ஓடுகிறதே, அதை ‘பேட்’ என்பார்கள். சின்தசைசரில் ஒரே ஸ்வரத்தை இரண்டு ஆஸிலேட்டரில் (ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி) எழுப்பி, ஒன்றை 440 ஹெர்ட்ஸிலும் இன்னொன்றை 440.5-இலும் நிறுத்தினால், இரண்டு விநாடிக்கு ஒரு தடவை ஒலி ஏறி இறங்கும். பள்ளிக்கூட இயற்பியலில் இசைக்கவையைத் தட்டி ‘விம்மல்’ என்று படித்தோமே, அதேதான். தம்பூராவில் குதிரை மேல் கிடக்கும் நூலை இம்மி நகர்த்தினால் நாதம் மலர்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதே இல்லை. ஸ்வரம் உட்கார்ந்த இடத்தில் இருக்கும், அதன் நிறம் ஊர்வலம் போகும். நீங்கள் தேடுகிற மெலடி அந்த ஊர்வலத்தில் இருக்கிறது.

1978-இல் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ தொகுப்பில் இதைவிடக் குறைவாக வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். அதில் ஒரு பகுதி முழுக்க ஒற்றை ஸ்வரம் பாடும் குரல்கள், ஒவ்வொன்றும் தனித்தனி நீளமுள்ள டேப் வளையத்தில் (இரு முனையையும் ஒட்டி, ஓயாமல் சுற்றவிட்ட ஒலிநாடா). ஒன்று சுமார் 23½ விநாடிக்கு ஒரு தடவை வரும், இன்னொன்று சுமார் 26-க்கு, மற்றொன்று சுமார் 30-க்கு. நீளம் ஒத்துப்போகாததால் அவை சந்திக்கிற விதம் மாறிக்கொண்டே இருக்கும்.

கே: சின்ன லேபிள்காரர்கள் வினைலில் 300 பிரதி மட்டும் போடுகிறார்களே, கிராக்கி ஏற்றும் தந்திரமா?

ப: சில பேர் அப்படியும் செய்வார்கள். பெரும்பாலும் காரணம் பயம். தாய்த்தட்டில் ஒலிப் பள்ளத்தை வெட்டுவது, அதிலிருந்து அச்சு எடுப்பது எல்லாம் 300-க்கும் 3000-க்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான். விற்காத 2700 தட்டை எங்கே வைப்பது? நானும் இரண்டு நண்பர்களும் ஒரு காலத்தில் சொந்தமாக ஒரு தட்டு போட்டோம். அதில் பாதி இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

அதற்குக் காரணமும் நாங்கள்தான். நிமிஷத்துக்கு 33⅓ தடவை சுழலும் தட்டில் ஒரு பக்கத்துக்கு 20, 22 நிமிஷத்தோடு நிறுத்துவது நல்லது. வெட்டுகிறவர் படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல் 28 நிமிஷத்தைத் திணித்தோம். பள்ளம் நெருங்கினால் ஒலி அளவைக் குறைத்தே தீரவேண்டும். கடைசியில் எங்கள் ‘அமைதியான’ இசையைவிட ஊசியின் உரசல்தான் ஓங்கிக் கேட்டது. போதாக்குறைக்கு, சலங்கை மாதிரி கலகலக்கும் உருப்படியைப் பக்கக் கடைசியில் வைத்திருந்தோம். தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் பள்ளம் விநாடிக்கு சுமார் 50 செ.மீ. ஓடும். நடுவே ஒட்டிய காகிதத்தை நெருங்கும்போது அது 21-க்கு வந்துவிடும். அங்கே நுண்ணிய மேல்ஒலி நசுங்கும். விவரம் தெரிந்த லேபிள்காரர்கள் தாளமில்லாத, மெத்தென்ற உருப்படியைத்தான் அங்கே வைப்பார்கள். முதல் கேள்வி கேட்டவருக்கு நண்பர் அனுப்பிய தொகுப்பிலும் நாலாவது உருப்படி அப்படித்தான், கவனியுங்கள்.

கே: எல்லாம் மெஷினே வாசித்துவிடுகிறதாமே?

ப: சொல்லிக் கொடுத்ததை வாசிக்கும். 1982-இல் பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் கம்பெனியின் 303 (பேஸ் வாசிக்கும் மெஷின்), 808 (தாள மெஷின்), ஜூபிட்டர்-8 (சின்தசைசர்) மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டார். அன்றைக்குச் சீந்துவாரில்லை. அதே 303-ஐ வைத்து சிகாகோக்காரர்களின் முதல் ஆசிட் ஹவுஸ் (ஒருவகை எலெக்ட்ரானிக் நடன இசை) தட்டு வந்தது 1987-இல். சிங்கின் தட்டைத் தேடியெடுத்து 2010-இல் மறுபடி வெளியிட்டது பாம்பே கனெக்‌ஷன் என்ற ஒரு சின்ன லேபிள்தான்.

கே: இதையெல்லாம் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் போதாதா?

ப: போதாது. 60 ஹெர்ட்ஸில் உறுமும் பேஸ் அந்தப் பொடி ஸ்பீக்கரில் வரவே வராது. கீழ்ப்பாதி போய், மேலே நாலு ஸ்வரம் மட்டும் டிங் டிங் என்று மிஞ்சும். அதுசரி, முதல் கேள்வி கேட்டவர் எதில் கேட்டார் என்று சொல்லவே இல்லையே?