ஜாமீனுக்கு 40 ஆயிரம், ஒப்புக்கொள்ள 15 ஆயிரம்: கொடுக்கலாமா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 17 வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. பிளஸ் டூ படிக்கிறான். எங்கள் தெருவில் இருக்கும் 20 வயதுப் பையன் பைக் ஓட்ட, இவன் பின்னால் உட்கார்ந்து போனபோது, ஒருவரிடம் கத்தியைக் காட்டி செல்போனைப் பறித்ததாக வழக்கு. காவல் நிலையத்தில் முதலில் இவனுக்கு 19 வயது என்று எழுதினார்கள். ஆதாரைக் காட்டிய பிறகுதான் மாற்றினார்கள். இப்போது கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். நீதிமன்ற வாசலில் ஒருவர், ஜாமீனுக்கு 40 ஆயிரம் ஆகும், மேலே 15 ஆயிரம் கொடுத்துப் பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் வழக்கே முடிந்துவிடும் என்கிறார். அவனுக்குப் போலீஸ் வேலைக்குப் போக ஆசை. அக்கா தாலிச் சங்கிலியை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். என்ன செய்வது? (தாய்மாமன், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: சங்கிலி உங்கள் அக்கா கழுத்திலேயே இருக்கட்டும். அந்த மனிதர் இரண்டு சரக்கு விற்கிறார். முதலாவதைச் சட்டம் ஏற்கெனவே உங்களுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறது. இரண்டாவதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

முதலில் ஜாமீன். உங்கள் மருமகன் 18 வயது நிரம்பாதவன் என்பதால் அவன் விஷயம் இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் கீழ் வருகிறது. பெரியவர்களுக்கு ஜாமீன் கிடைக்குமா என்பதே கேள்வி. சிறுவர்களுக்கு அப்படியில்லை. வழக்கு ஜாமீனில் விடக்கூடியதோ விடமுடியாததோ, கொடுப்பதுதான் விதி. அதுவும் ஜாமீன்தாரரோடு அல்லது ஜாமீன்தாரர் இல்லாமலே விடலாம் என்று 12-வது பிரிவு சொல்கிறது. தாயோ தந்தையோ, 'நான் பார்த்துக்கொள்கிறேன், கூப்பிடும்போது அழைத்து வருகிறேன்' என்று எழுதிக் கொடுத்து அழைத்துப் போகலாம். மறுப்பதென்றால், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். நிபந்தனை போட்டு, அதை ஏழு நாட்களுக்குள் நிறைவேற்ற உங்களால் முடியவில்லை என்றால், பையனை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவந்து நிபந்தனையை மாற்ற வேண்டும்.

பிறகு 40 ஆயிரம் எதற்கு? வாசலில் நிற்பவர் கையில் இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கவனியுங்கள். உள்ளே யார் யாருடையதோ குடும்ப அட்டை நகல், வீட்டு வரி ரசீது, சொத்து மதிப்புச் சான்று எல்லாம் தயாராக இருக்கும். காலையில் ஒரு வழக்கில் 'சித்தப்பா'வாகக் கையெழுத்துப் போடுபவர் மாலையில் இன்னொரு வழக்கில் 'பெரியப்பா' ஆவார். அந்த வாடகை உறவினருக்குத்தான் உங்கள் பணம். நாளை பையன் ஒரு வாய்தாவுக்கு வராவிட்டால் அந்தச் சித்தப்பாவைத் தேடிப் பிடிக்க முடியாது. போலி ஜாமீன் கொடுத்ததாக உங்கள் மேல்தான் புதிய வழக்கு வரும்.

குழுமத்தில் சில இடங்களில் பழக்கதோஷத்தில் இரண்டு ஜாமீன்தாரர் கேட்கிறார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. மற்ற நாட்களில் பெரியவர்கள் வழக்குகளைப் பார்க்கும் மாஜிஸ்திரேட்டே இங்கும் வந்து உட்காருகிறார். கூடவே இரண்டு சமூகப் பணியாளர்கள் உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த நாற்காலிகள் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தால் யார் கேட்கிறார்கள்? அப்படி ஜாமீன்தாரர் கேட்டால், தாயும் தாய்மாமனான நீங்களுமே போய் நில்லுங்கள். 'இன்றைக்கு குழுமம் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்' என்று திருப்பி அனுப்பினாலும் ஏமாறாதீர்கள். குழுமம் கூடாத நாளில் சிறுவனைத் தனி உறுப்பினர் ஒருவர் முன்பாகவே ஆஜர்படுத்தலாம்.

வழக்கறிஞருக்கும் செலவு வேண்டாம். குழந்தைகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு போதும், அல்லது 15100-க்கு அழையுங்கள். நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் வாய்தாவுக்கு வரவில்லை என்றால் (வராமல் போவதும் உண்டு) அன்றே ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதிக் கொடுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். அது தர்மம் இல்லை, உரிமை.

இனி அந்த 15 ஆயிரம். என்னை உண்மையில் கோபப்படுத்துவது இதுதான். 'சின்னப் பையன், சட்டம் ஒன்றும் செய்யாது, ஒப்புக்கொள்ளட்டும்' என்று யார் சொன்னாலும், அந்த ஒப்புதலால் லாபம் யாருக்கு என்று பாருங்கள். பைக் ஓட்டியவனுக்கு 20 வயது. அவன் வழக்கு சாதாரண நீதிமன்றத்தில் நடக்கும். சிறுவன் வழக்கையும் பெரியவர் வழக்கையும் சேர்த்து நடத்தக் கூடாது என்பது சட்டம். அங்கே அவன் தப்பிக்கச் சுலபமான வழி, 'கத்தி என் கையில் இல்லை, பின்னால் இருந்தவன் வைத்திருந்தான்' என்பது. இங்கே உங்கள் மருமகன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அவனுக்கு எவ்வளவு வசதி! பெரியவர்கள் செய்துவிட்டுச் சிறுவன் தலையில் கட்டுவது எனக்குப் புதிய செய்தி இல்லை. வாசலில் நிற்பவரை உங்களிடம் அனுப்பியது யார் என்று விசாரியுங்கள். இருவருக்கும் ஒரே வக்கீல் என்று பேச்சு வந்தால், அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தக் கத்தி விஷயத்தை நிதானமாகப் படியுங்கள், தேவைப்பட்டால் இரண்டு முறை. செல்போனைச் சட்டென்று பறிப்பது மட்டும் என்றால் மூன்று ஆண்டு வரை தண்டனைக்குரிய சிறு குற்றம். மிரட்டிப் பறித்தால் வழிப்பறி. அதற்கு அதிகபட்சம் பத்து ஆண்டு, இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் பதினான்கு ஆண்டு வரை போகும் என்றாலும், குறைந்தபட்சம் இவ்வளவு என்று கிடையாது. ஆனால் வழிப்பறியின்போது கொலைக்கருவியைப் பயன்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 311-வது பிரிவு வரும், குறைந்தது ஏழு ஆண்டு. குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டோ அதற்கு மேலோ இருந்தால் இளைஞர் நீதிச் சட்டம் அதைக் கொடுங்குற்றம் என்கிறது. கொடுங்குற்றத்தில் 16 வயது முடிந்த சிறுவனை, முதற்கட்ட மதிப்பீடு (செய்ததன் விளைவைப் புரிந்துகொள்ளும் மனநிலை அவனுக்கு இருந்ததா என்று பார்ப்பது) ஒன்றை நடத்திவிட்டு, பெரியவரைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். முதல் தகவல் அறிக்கையில் 'கத்தி' என்ற ஒற்றைச் சொல் செய்யும் வேலை இது. அதிகபட்சம் எவ்வளவு என்று பார்த்துப் பயப்படாதீர்கள். குறைந்தபட்சம் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். 2020-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிய பிறகும், பத்து ஆண்டு என்று கண்டவுடனே 'கொடுங்குற்றம்' என்று எழுதிவிடும் காவல் நிலையங்கள் இருக்கின்றன.

அதனால் உங்கள் வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: 311 போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் இரண்டாவது கேள்வி: கத்தியை வைத்திருந்தது யார்? அந்தப் பிரிவு கருவியைப் பயன்படுத்திய ஆளை மட்டும்தான் பிடிக்கும், கூட இருந்தவரைப் பிடிக்காது என்று உச்ச நீதிமன்றம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 397-வது பிரிவு வழக்கில் 2007-லேயே சொல்லியிருக்கிறது. புதிய 311 அதே பிரிவுதான். புகார்தாரர் வாக்குமூலத்தில் 'முன்னால் இருந்தவன்' என்று இருக்கிறதா, 'இருவரும்' என்று இருக்கிறதா, 'ஒருவன்' என்று மொட்டையாக இருக்கிறதா? முதற்கட்ட மதிப்பீடு என்று போனாலும், குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் யாரும் இல்லை என்றால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பையனிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு 'விவரம் தெரிந்தவன்தான்' என்று எழுதி அனுப்ப முடியாது. இத்தனை கதவுகள் திறந்திருக்கும்போது, முதல் வாரத்திலேயே ஒப்புக்கொள்ளச் சொல்பவர் உங்களுக்கு நல்லது நினைப்பவர் இல்லை.

வயதுச் சான்று. ஆதாரைப் பார்த்துத் திருத்தினார்கள் என்று நிம்மதி அடையாதீர்கள். வயதை நிரூபிக்கச் சட்டம் சொல்லும் பட்டியலில் ஆதார் கிடையாது. நாளை எதிர்த்தரப்பு இதையே பிடித்துக்கொண்டு கிளப்பும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். எலும்புச் சோதனை இவை எதுவும் இல்லாதபோது மட்டும்தான். மாற்றுச் சான்றிதழை, அதாவது டி.சி.யை, மட்டும் நம்பிப் போகாதீர்கள். அது போதாது என்று 2023-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கணக்குக்கு எடுக்க வேண்டியது சம்பவம் நடந்த தேதியன்று அவன் வயது. விசாரணை இழுத்து, நடுவில் அவனுக்கு 18 முடிந்தாலும் வழக்கு குழுமத்திலேயே தொடரும்.

அடுத்ததை உங்கள் அக்காவிடம் வாசித்துக் காட்டுங்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வருவார், அல்லது உங்களை அழைப்பார். குடும்பம், பள்ளி, சேர்க்கை எல்லாவற்றையும் விசாரித்து இரண்டு வாரத்துக்குள் குழுமத்துக்குச் சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டியவர் அவர். அவரிடம் பல தாய்மார்கள் அழுதுகொண்டே ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: 'நான் சொல்வதைக் கேட்பதே இல்லை சார், கொஞ்ச நாள் உள்ளே இருந்தால் திருந்துவான்.' அது அப்படியே அறிக்கையில் ஏறும். 'பெற்றோர் கட்டுப்பாட்டில் இல்லை.' ஜாமீனை மறுக்கச் சட்டம் வைத்திருக்கும் சில காரணங்களில் ஒன்று, வெளியே விட்டால் சிறுவன் கெட்ட சேர்க்கைக்குப் போவான் என்பது. தாயின் ஆற்றாமையே அதற்குச் சான்றாகிவிடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. பையன் காலையில் எத்தனை மணிக்குப் பள்ளிக்குப் போகிறான், மாலையில் யார் வீட்டில் இருப்பார், அந்த 20 வயதுக்காரனிடமிருந்து அவனை எப்படிப் பிரிக்கப் போகிறீர்கள், வேண்டுமானால் உங்கள் வீட்டில் சில மாதம் வைத்துக்கொள்ள முடியுமா? அலுவலருக்குத் தேவை இதுபோன்ற திட்டமான பதில்கள்.

'உள்ளே இருந்தால் திருந்துவான்' என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் இறந்தான். பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்டவன். இல்லத்து ஊழியர்கள் அடித்ததாகக் கைதானார்கள். அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்து இல்லங்களை ஆராய அரசு கிளம்பியது. நீங்கள் ஒவ்வொரு முறை பார்க்கப் போகும்போதும் பையனைச் சட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காயம் இருந்தால் வழக்கறிஞர் வழியாக அன்றே குழுமத்தில் மனு கொடுங்கள். 1098-க்கும் அழையுங்கள்.

போலீஸ் வேலை. குழுமம் அவனைக் குற்றம் செய்தவன் என்றே முடிவு செய்தாலும், அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது. (மேலே சொன்னபடி குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போய் அங்கே பெரியவராகத் தீர்ப்பானால் கதை வேறு. கத்தியைப் பற்றி இவ்வளவு பேசியதற்கு இதுவும் காரணம்.) முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீசார் வெளியே சொல்லக் கூடாது என்று 74-வது பிரிவு தடுக்கிறது. சிறுவனாக இருந்தபோது போடப்பட்ட வழக்கைக் காட்டி மத்திய தொழிற் பாதுகாப்புப் படையில் வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்கு 2019-ல் உச்ச நீதிமன்றமே வேலையை உறுதி செய்தது. 'ரெக்கார்டை அழித்துத் தருகிறேன்' என்று இன்னொருவர் பணம் கேட்டு வருவார். அதுவும் தண்டம். ஆவணங்களை அழிக்க உத்தரவிட வேண்டியது குழுமத்தின் கடமை. வழக்கு முடியும் நாளில் இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

பள்ளியில் யாரிடமும் விவரம் சொல்லத் தேவையில்லை. அவன் பெயரையோ படத்தையோ பத்திரிகையோ வாட்ஸ்அப் குழுவோ வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. இதைத் தலைமை ஆசிரியருக்கும் தேவைப்பட்டால் நினைவூட்டலாம். ஜாமீன் தாமதமாகி, செய்முறைத் தேர்வு தேதி நெருங்கினால், நுழைவுச் சீட்டின் நகலுடன் குழுமத்தில் தனி மனு போடுங்கள். இல்லத்திலிருந்து காவலர் சீருடை அணியாமல் அழைத்துப் போய்த் தேர்வு எழுதவைத்துத் திரும்ப அழைத்து வர வேண்டும் என்று அந்த மனுவிலேயே எழுதிவிடுங்கள்.