கிரீன்லாந்தும் ஃபாரோ தீவுகளும் தனி நாடுகளா, டென்மார்க்கின் பகுதிகளா?

இரண்டும் டென்மார்க் முடியரசுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் வெறும் மாகாணங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபாரோவுக்கு 1948-லும் கிரீன்லாந்துக்கு 1979-லும் தன்னாட்சி கிடைத்தது. மன்னர் ஒருவரே, பாதுகாப்பு டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் கையில். அங்குள்ள நாடாளுமன்றத்தின் 179 இடங்களில் இவற்றுக்குத் தலா 2.

ஃபாரோவின் 50 குரோனா தாளைப் பாருங்கள்: செம்மறிக் கடாவின் கொம்பு படம் போட்டிருக்கும். தாள் தனி, மதிப்பு மட்டும் டேனிஷ் குரோனாவுக்குச் சமம். சில்லறைக் காசு டென்மார்க்கினுடையதே.

அப்புறம், டென்மார்க் 1973-இல் ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேர்ந்தபோது ஃபாரோ சேரவே இல்லை. டென்மார்க்கோடு உள்ளே போன கிரீன்லாந்து, தன் கடலின் மீன் தன் கையில் இருக்க வேண்டும் என்று வாக்கெடுப்பு நடத்தி 1985-இல் வெளியேறியது. மீன்தான் அங்கே சோறு போடுகிறது. அந்த முடிவு எனக்கு நியாயமாகவே படுகிறது. 2009 சட்டப்படி, டென்மார்க்கிலிருந்தே பிரிவதா என்பதையும் கிரீன்லாந்து மக்கள் முடிவு செய்யலாம். அதற்கு டேனிஷ் நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும்.