தூத்தூர் பக்கத்துக் கால்பந்து கிளப்பைப் பசுமையாக்க எங்கே தொடங்குவது?

கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளை, தூத்தூர் வட்டாரக் கிளப் ஒன்று இங்கிலாந்தின் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் போல மாற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் ரசாயனம் போடாத ஆடுகளம், சோலார் பேனல், பால்கூட இல்லாத தாவர உணவு என்று போனவர்கள். நம் ஊரில் முதல் வேலை தண்ணீர்தான்.

105 × 68 மீட்டர் மைதானத்தை 5 மி.மீ. நனைக்க 35,700 லிட்டர் வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் சேர்வது சுமார் 800 லிட்டர். அது கழிப்பறைக்குத்தான் காணும். எனவே புல்லின் தேவையைக் குறைக்க வேண்டும். விடிகாலையில் பாய்ச்சுங்கள், மாலையில் விட்டால் இரவெல்லாம் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். கடற்கரை மணலில் ஒரேயடியாக விட்டால் நீரும் உரமும் வேரைத் தாண்டி இறங்கிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை விடுங்கள். போர்வெல் நீரில் உப்பைப் பரிசோதிக்காமல் பாய்ச்சவே கூடாது.

மணல் ஈரத்தைப் பிடிக்க, சலித்த மட்கு உரத்தை 3 மி.மீ. தூவ வேண்டும், முழு மைதானத்துக்கு ஏறக்குறைய 21 கன மீட்டர். அரைகுறையாக மக்கியது மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், புல் மஞ்சளிக்கும். வெட்டிய புல்லை அங்கேயே விடலாம். ஈரத்தில் வெட்டிக் கட்டிகட்டியாகக் கிடந்தால் மட்டும் அள்ளுங்கள், அடியில் புல் மூச்சுமுட்டிச் சாகும்.

செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) போட்டி நாளில் குடிக்க 20 லிட்டர் தண்ணீர் கேனும் ஸ்டீல் டம்ளரும் போதும். கழுவ ஆள் போடாத இடத்தில்தான் பேப்பர் கப் திரும்ப வருகிறது. அந்தக் கூலியை முதலிலேயே கணக்கில் எழுதுங்கள்.