குருசடி முக்கில் அணையும் எஞ்சின்

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு வயது 28. குலசேகரம் பக்கம் ஒரு கிராமம். திருவனந்தபுரத்தில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. முடிய இரவு பத்தரை ஆகும். சிறு வயதிலிருந்தே பெரிய பைக் மீது ஆசை. ஐந்து வருடச் சேமிப்போடு கொஞ்சம் கடனும் சேர்த்து, எட்டு மாதத்துக்கு முன் ஒருவர் ஓட்டிய ஹோண்டா சிபிஆர் 650ஆர் வாங்கினேன். நான்கு சிலிண்டர் சத்தத்தை நன்றாகக் கேட்க வேண்டும் என்றே வேறு சைலன்சர் மாட்டியிருக்கிறேன். அதைக் கேட்டால் அன்றைய அலுப்பு ஓடிவிடும். ஞாயிறு காலைகளில் நண்பர்களோடு ஆரல்வாய்மொழி நாற்கர சாலைக்குப் போவேன். ஒருமுறை மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டேன். குடிப்பதில்லை, புகைப்பதில்லை, ஹெல்மெட் இல்லாமல் ஏறியதில்லை. ஆனால் வண்டி வந்த நாள்முதல் அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, மூன்று மணிக்கு எழுவார். அவர் தூக்கம் கெடக் கூடாதென்று, வீட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால், சிறு சிலுவைக் கோயில் இருக்கிற குருசடி முக்கிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு வீடு வரை தள்ளிக்கொண்டுதான் வருகிறேன். அப்படியும் வராந்தாவில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டதும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விடுவார். என் உழைப்பில் வாங்கிய வண்டி. என் ஆசையை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? — பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, உன்னை 'நீங்கள்' என்று எழுதிப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. 'நீ' என்றே வைத்துக்கொள்கிறேன்.

குடிப்பதில்லை, புகைப்பதில்லை என்கிறாய். அதற்கு மதிப்பெண் போட நான் இங்கே உட்காரவில்லை. பைக் வாங்கிய பிள்ளைகளின் கடிதங்களும் பைக் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கலங்குகிற அம்மாக்களின் கடிதங்களும் இந்த மேசைக்கு எத்தனையோ வருடமாக வருகின்றன. 'எப்படிப் புரியவைப்பது' என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு உன் கேள்வியில் அக்கறை இல்லை. நீ போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். குருசடி முக்கில் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறாயாமே?

அந்த வண்டி 200 கிலோவுக்கு மேல். நள்ளிரவில், பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த இடுப்போடு, அதைத் தள்ளுகிறாய். எவ்வளவு பாடு! இதைச் செய்கிறவனுக்குத் தன் சத்தம் அடுத்தவரை என்ன செய்யும் என்பது நன்றாகத் தெரியும். தெரியாதவனை மன்னித்துவிடலாம். நீ தெரிந்துகொண்டு, அந்தத் தெரிதலைக் குருசடி முக்கிலிருந்து உன் வீட்டு வாசல் வரைக்கும் மட்டும் வைத்திருக்கிறாய். களியக்காவிளையிலிருந்து அந்த முக்கு வரைக்கும் சாலையோரத்தில் இருக்கிற வீடுகளில் யாருக்கும் காது இல்லையா? உன் அப்பாவைப் போலவே மூன்று மணிக்கு எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர்கள் அந்த வழி முழுக்க இருக்கிறார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தானே அந்த நேரத்தில் எழுகிறார்கள். அவர்கள் தூக்கத்துக்கு யார் வண்டியைத் தள்ளுவது?

'கிழவிக்குப் பைக்கைப் பற்றி என்ன தெரியும்' என்று இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடாதே. எனக்கு அந்தச் சத்தத்தின் ருசி தெரியும்.

நாகர்கோவில் வடசேரியில் நாங்கள் இருந்தபோது, 1989-இல் என் தம்பி ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கினான். 98 சிசி, டூ ஸ்ட்ரோக். உன் வண்டிக்கு முன்னால் அது குழந்தை. ஆனால் சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்று அடிக்கிற எஞ்சின் அது. அதன் புகைக்குழாய் நடுவில் பெருத்துக் கடைசியில் குறுகும். வெளியே பாய்கிற அழுத்த அலை அந்தக் குறுகலில் மோதித் திரும்பிவந்து, எரியாமல் தப்பி ஓடப் பார்க்கும் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். குறிப்பிட்ட வேகத்தில்தான் இந்தக் கணக்கு நேராக அமையும். அப்போது வண்டி முதுகில் கை வைத்துத் தள்ளினாற்போல் பாயும். பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கொண்டையையும் பிடித்திருந்தவள் நான்.

உன்னுடையது வேறு சாதி. நான்கு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் நொடிக்கு 200. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 400 வெடிப்பு. அதுவும் சம இடைவெளியில். அதனால்தான் தனித்தனி அடியாகக் கேட்காமல் ஒரே சுரமாக உயர்ந்துகொண்டே போகிறது. ஐந்து கட்டையில் பாடுகிற ஒருத்தியின் மேல் ஸட்ஜத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நிற்கும் சுரம் அது. யமஹா ஆர்1 வண்டியில் 2009 முதல் வேண்டுமென்றே அந்த இடைவெளியைக் கலைத்து வைத்தார்கள்; அது பாடாது, உறுமும். எது அழகு என்று உங்களைப் போன்ற பிள்ளைகள் விடிய விடியச் சண்டை போடுவீர்கள் என்பதும் தெரியும். அந்தச் சுரம் ஏறும்போது நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்கிறது என்று நீ சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தச் சுரத்தைப் பாடுவது எஞ்சின். நீ மாட்டியிருக்கிற குழாய் அதைக் கத்தவைக்கிறது, அவ்வளவுதான். சைலன்சரை மட்டும் மாற்றுவதால் கூடுகிற சக்தி சொற்பம் என்று உன் மெக்கானிக்கே சொல்வார். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகள் சோதனையில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒலி விதியை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. போலீஸைச் சொல்லி உன்னைப் பயமுறுத்துவது என் வேலை இல்லை என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

என் தம்பி கோட்டாறு கம்போளத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதினான். கடை அடைத்து வர ஒன்பதரை ஆகும். எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்குவான். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். அவன் கால் கழுவிவிட்டு வரும்போது முதல் தோசை தட்டில் இருக்கும். கடிகாரத்தை அவள் பார்த்ததே இல்லை. ஒரு நாள் வழியில் பிளக் கெட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். சத்தம் இல்லாமல் வந்து நின்றவனைக் கண்டு, கையில் இருந்த கரண்டியோடு அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனுக்கு ஒன்றும் இல்லை என்று நாங்கள் சொல்லச் சொல்ல, அவன் கால் இரண்டையும் தடவிப் பார்த்தாள்.

இப்போது உன் வராந்தாவுக்கு வா.

இரவில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எப்படி அமைதியாக இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் வண்டியின் சத்தம் உனக்கு வெகு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிடும். இருட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அதைப் பிடித்துக்கொண்டே உன்னோடு வருகிறார். இதோ பாலம் ஏறிவிட்டான். இதோ வளைவு, கியர் இறக்குகிறான். எதிரே ஜல்லி ஏற்றிக் கேரளம் போகிற டாரஸ் லாரி வருகிறது, அதன் இரைச்சலில் மகனின் சத்தம் அமுங்கிவிடுகிறது. லாரி போய்விட்டது, மறுபடியும் கேட்கிறது, அப்பாடா. பிறகு, வீட்டுக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே, சட்டென்று ஒன்றுமே இல்லை.

விழுந்த வண்டியும் அப்படித்தான் நிற்கும் தம்பி. உன் வண்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்து கிடந்தால் எஞ்சினைத் தானாகவே நிறுத்துகிற ஒரு சென்சார் அதில் இருக்கிறது; உனக்குத் தெரிந்திருக்கும். முக்கில் எஞ்சினை நிறுத்தியது மகனின் கட்டைவிரலா, அந்தச் சென்சாரா? வராந்தாவில் இருப்பவருக்கு அதை யார் சொல்வது? தினமும் நீ அங்கேதான் அணைக்கிறாய் என்பது அவருக்கும் பழகியிருக்கும்தான். ஆனால் பெற்றவனுக்கு நேற்றைய கணக்கு இன்றைக்குச் செல்லாது. நீ 200 கிலோவைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்கிற அந்த ஏழெட்டு நிமிடம் அவர் என்ன செய்கிறார் என்று நினைக்கிறாய்? விளக்கைப் போட்டால் காத்திருப்பது தெரிந்துவிடும், அதனால் போடுவதில்லை. வாசலில் உன் உருவத்தைப் பார்க்கிறார், இரண்டு கையும் இரண்டு காலும் இருக்கின்றன, எழுந்து உள்ளே போகிறார். நீ அதைக் கோபம் என்று எட்டு மாதமாக எழுதி வைத்திருக்கிறாய்!

அப்புறம் அவருக்குத் தூங்க இரண்டரை மணி நேரம் இருந்தால் அதிகம். மூன்று மணிக்குக் கத்தியை எடுக்கிறார். பட்டையில் எத்தனை மெல்லிசாகச் சீவ வேண்டும் என்று அவரோடு போய்ப் பார்த்திருக்கிறாயா? கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கினால் உள்ளே மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளர்ந்து, அடுத்த முறை வெட்ட உதவாமல் போய்விடும். தோட்டக்காரர் கண்ணில் பட்டால் ஏச்சு. தூக்கம் இல்லாத கண்ணோடு, சிரட்டை சிரட்டையாக, மரம் மரமாக இதைச் செய்கிறார் உன் அப்பா. 'என் உழைப்பில் வாங்கிய வண்டி' என்கிறாய். ஐந்து வருடம் சம்பளத்தைச் சேமித்தாய் என்றால் அந்த ஐந்து வருடம் யார் வீட்டில் சாப்பிட்டாய்? வாடகை கொடுத்தாயா? சிரட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் விற்ற காசு எத்தனை முறை உன் பள்ளிக்கூட ஃபீஸாகப் போயிருக்கும்? பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கியதும் பெற்றவரின் தூக்கத்துக்குப் பிள்ளைதான் பொறுப்பு என்று நினைக்கிறவள் நான். பழைய காலத்து ஆள் என்றால் சொல்லிக்கொள்.

ஆரல்வாய்மொழி விஷயம். 200 என்றால் நொடிக்கு 55 மீட்டருக்கு மேல். ஆடு ஒன்று குறுக்கே வருவதைக் கண்டு உன் விரல் பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு தென்னந்தோப்பு தாண்டிப்போய்விடும். அந்தக் கணவாயில் அத்தனை காற்றாலைகளை எதற்கு நட்டிருக்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது யோசித்தாயா? மேற்கே மலையிடுக்கில் நெருக்கிக்கொண்டு வருகிற காற்று அங்கேதான் திறந்து பாய்கிறது. முன்னால் வரும் காற்றை அறுக்க உன் வண்டிக்குப் போட்டிருக்கும் அந்த வழுவழுப்பான உறை, பக்கக் காற்றுக்குப் பாய்மரம். வேகம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கோயம்புத்தூரில் கரி ஸ்பீட்வே இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் இருக்கிறது. பயிற்சி எடுத்து, தோல் உடுப்பு போட்டு, எதிரே யாரும் வராத பாதையில் உன் நான்கு சிலிண்டரையும் வாய் விட்டுப் பாடவிடு. முடிந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. நீ ஓட்டி அவர் பார்த்ததே இல்லை, கேட்டுத்தான் இருக்கிறார்.

வண்டியை விற்கச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். சொல்லவில்லை. கடன் பாக்கி இருக்கும்வரை அந்த ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் நிறுத்து. பழைய சைலன்சர் எங்கே, பரணிலா? சனிக்கிழமை மார்த்தாண்டத்துக்குக் கொண்டுபோய்த் திரும்ப மாட்டு. தினமும் களியக்காவிளையில் வண்டியை ஓரம் கட்டி வீட்டுக்கு ஒரு போன் போடு. இவ்வளவு காலம் அதைச் செய்யாத உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை இரவு குருசடி முக்கில் அணைக்காதே மக்களே. குறைந்த சுற்றில், மெதுவாக, வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டே வந்து அங்கே அணை. வழக்கம்போல் அவர் எழுந்து உள்ளே போகப் பார்ப்பார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, 'அப்பா, கட்டன் சாயா போடட்டுமா?' என்று கேள். பதில் வராவிட்டாலும் இரண்டு தம்ளர் போடு.