வாசகர் கேள்வி பதில்: பாத்து எழுத வச்சா படிப்பு வருமா?

என் பையன் மூணாம் வகுப்பு. வாயால கேட்டா எல்லாத்துக்கும் டக்குன்னு பதில் சொல்றான், புக்க கைல கொடுத்தா முதல் எழுத்த பாத்துட்டு மிச்சத்த அவனா ஏதோ சொல்லி முடிச்சிடறான். டெஸ்ட் பண்ணி டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கறதுலயும் எழுதறதுலயும் வர்ற சிரமம்னு சொல்லிட்டாங்க. தினமும் ரெண்டு பக்கம் பாத்து எழுத வைக்கிறேன், அழுதுட்டே எழுதறான், ஆனா மாற்றமே தெரியல. என்ன செய்யட்டும்? - ஒரு அம்மா

அந்த ரெண்டு பக்கத்த இன்னிக்கே நிறுத்திடுங்கம்மா. பாத்து எழுதறதுக்கு படிக்கத் தெரியணும்னு அவசியமே இல்ல, கோலத்த பாத்து கோலம் போடற மாதிரி கை மட்டும் போயிட்டு இருக்கும். டிஸ்லெக்ஸியால பெரும்பாலும் சிக்கல் எங்க வருதுன்னா, ஒரு வார்த்தைக்குள்ள இருக்கற சத்தங்கள தனித்தனியா பிரிச்சு கேக்கறதுலயும், எந்த சத்தத்துக்கு எந்த எழுத்துன்னு சட்டுன்னு சேக்கறதுலயும்தான். அறிவு குறைவும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல.

அதனால முதல்ல காதுக்கு வேலை கொடுங்க. புக்கே வேணாம். "பட்டம்ல ப-வ எடுத்துட்டு வ போட்டா என்ன?" "வட்டம்." "வ-வுக்கு பதிலா க?" "கட்டம்." இப்படி விளையாட்டா பேசிட்டே இருங்க. அது சரளமா வந்ததும் அதே வார்த்தைகள எழுத்து அட்டைய வச்சு சேக்க சொல்லுங்க, சேக்கும்போது வாய்விட்டு சொல்லணும், விரலால எழுத்து மேல வரைஞ்சு பாக்கணும். கண்ணு, காது, கை மூணும் ஒண்ணா வேலை செய்யற இந்த முறை 1930கள்ல அமெரிக்கால ஆர்ட்டன்ங்கற டாக்டரும் கில்லிங்ஹாம்ங்கற டீச்சரும் ஆரம்பிச்சு வச்ச வழில வந்தது, இன்னிக்கும் ஸ்பெஷல் எஜுகேட்டர்கள் நிறைய பேர் இதுல இருந்துதான் தொடங்கறாங்க.

247 எழுத்தையும் சார்ட்ல வச்சு ஒப்பிக்க விடாதீங்க. கால் போட்டா நீளும்னு ஒரு விஷயம் புரிஞ்சா கா, மா, பா எல்லாம் தானா வந்துடும். கொம்பு வர்ற எழுத்துங்கள மெதுவா, கடைசியா கொண்டு வாங்க, ஏன்னா 'கெ'ல கொம்பு முன்னாடி நிக்குது, ஆனா சத்தம் பின்னாடிதான் வருது, 'கொ'ல முன்னாடி கொம்பு, பின்னாடி கால்னு ரெண்டு பக்கமும் நிக்குது, நமக்கு பழகிப்போச்சு, அவனுக்கு அது பெரிய குழப்பம். 'பல்'லுல வர்ற ப-வும் 'தம்பி'ல வர்ற பி-யும் சத்தத்துல வேற வேறங்கறதையும் நீங்கதான் வெளிப்படையா சொல்லிக் கொடுக்கணும், தானா புரிஞ்சுக்கட்டும்னு விட்டுடக்கூடாது.

வாசிக்கறதுக்கு நாலஞ்சு வரி போதும். முதல்ல நீங்க வாசிங்க, அப்புறம் சேந்து வாசிங்க, அப்புறம் அவன் தனியா. அடுத்த நாளும் அதே வரிதான், புதுசு வேணாம். ஒரு நாளைக்கு 15, 20 நிமிஷம், அவன் களைச்சுப் போறதுக்குள்ள முடிச்சிடுங்க.

கலர் கண்ணாடி, கண்ணுக்கு பயிற்சி இதெல்லாம் டிஸ்லெக்ஸியாவ சரி பண்ணும்னு விளம்பரம் வருதே, வாங்கலாமா?

வேணாம். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் கண் மருத்துவர்கள் அமைப்பும் சேந்து 2009லயே இதுக்கெல்லாம் ஆதாரம் இல்லன்னு அறிக்கை கொடுத்துட்டாங்க. கண்ணையும் காதையும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க, மிச்ச காச நல்ல டீச்சருக்கு செலவு பண்ணுங்க.

நான் டீச்சர். ஏழாம் வகுப்புல ஒரு பொண்ணு, கிளாஸ்ல அவ பேசறத கேட்டா அசந்துடுவீங்க, பேப்பர்ல பாத்தா ரெண்டு வரி, அதுலயும் நிறைய பிழை. எப்படி மார்க் போடறது? சலுகை காட்டினா மத்த பிள்ளைங்களுக்கு அநியாயம் இல்லையா?

1896ல பிரிங்கிள் மார்கன்ங்கற டாக்டர் இப்படி, புத்திசாலியா இருந்தும் வாசிக்க வராத ஒரு 14 வயசு பையனப் பத்தி எழுதினாரு. பாடம் முழுக்க வாயாலயே நடந்தா ஸ்கூல்லயே இவன்தான் கெட்டிக்காரன்னு அவனோட வாத்தியார் சொன்னாராம். உங்க மாணவி மாதிரியே!

வரலாறு பரீட்சைல நீங்க பாக்க வேண்டியது வரலாறு தெரியுமான்னுதான். அதனால விஷயத்துக்கு தனி மார்க், எழுத்துப்பிழைய மொழிப்பாடத்துல பாத்துக்கலாம். கூடுதல் நேரம் கொடுங்க, அதுல எந்த அநியாயமும் இல்ல, தெரியாத பதில் அந்த நேரத்துல தெரிஞ்சிடப் போறதில்ல.

எழுத வைக்கும்போது யோசிக்கறதையும் ஸ்பெல்லிங்கையும் ஒரே நேரத்துல கேக்காதீங்க. முதல்ல பதில வாயால சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணட்டும், அத கேட்டு முக்கியமான நாலு வார்த்தைய குறிச்சுக்கட்டும், அப்புறம் எழுதட்டும், பிழை பாக்கறது எல்லாத்துக்கும் கடைசி. திருத்தும்போது பேப்பர் முழுக்க சிவப்பாக்காம இந்த வாரம் ல, ள, ழ மட்டும், அடுத்த வாரம் ர, ற மட்டும்னு ஒரு வகைய எடுத்துக்கோங்க. கிளாஸ்ல திடீர்னு எழுப்பி வாசிக்க மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர், அந்த பயத்துலயே லீவு போடற பிள்ளைங்க இருக்காங்க. வாசிச்சே ஆகணும்னா எந்த பத்தின்னு முந்தின நாளே அவகிட்ட தனியா சொல்லிடுங்க, வீட்ல பாத்துட்டு வரட்டும்.