கரடிக்குட்டியை விடுங்கள்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாக, தாகெஸ்தான் மலைநாட்டுக் கூண்டுச் சண்டை வீரர் கபீப் நுர்மகொமெதோவின் பழைய சண்டைகளைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். 29 சண்டை, ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. அப்படிப்பட்டவர் இன்னும் ஒன்று ஜெயித்தால் 30 என்ற இடத்தில், 32 வயதில், போதும் என்று போய்விட்டார். டோனி ஃபெர்குசன் என்ற இன்னொரு வீரருக்குப் பயந்து ஓடிவிட்டார் என்கிறான் என் நண்பன். நான் நம்பவில்லை. ஆனாலும் அந்த முடிவு சரிதானா? ஒன்பது வயதில் அவர் கரடியோடு மல்லுக்கட்டும் வீடியோவையும் பார்த்தேன். அந்த மலைக்காரர்களுக்கு வீரம் இரத்தத்திலேயே இருக்கிறது. நம் இரத்தத்திலும் ஒரு காலத்தில் இருந்ததுதானே, எங்கே போனது? பன்னிரண்டு வயதான என் அக்கா மகன் கபீப் மாதிரி ஆக வேண்டும் என்கிறான். நம் பையன்களால் முடியுமா? இப்படிக் கூண்டுச் சண்டையை ரசிப்பதே தவறோ என்றும் சில சமயம் தோன்றுகிறது.

கே., தேனி

அன்புள்ள கே.,

ரசிப்பது தவறா என்ற கேள்வி இப்போது வேண்டாம். பிடித்துப்போய்த்தான் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறீர்கள், பிறகு எதற்கு என்னிடம் அனுமதி?

உங்கள் நண்பருக்கு ஒரு பத்தி போதும். கபீப்-ஃபெர்குசன் சண்டை ஐந்து முறை முடிவாகி ஐந்து முறையும் நின்றது. 2015இல் கபீபுக்கு விலா எலும்பில் அடி. 2016இல் ஃபெர்குசனுக்கு நுரையீரலில் நீர். 2017இல் எடைப் பிரிவுக்காக உடல் எடையைக் குறைக்கப் போய்க் கபீப் மருத்துவமனையில் படுத்தார். 2018இல் ஃபெர்குசனுக்கு முழங்கால் போனது. 2020இல் கொரோனா. அந்த ஆண்டு மே மாதம் ஃபெர்குசனை அடித்து நொறுக்கியவர் ஜஸ்டின் கேத்ஜி. அதே கேத்ஜியை அக்டோபரில் இரண்டாவது ரவுண்டிலேயே கழுத்தைப் பூட்டி முடித்தார் கபீப். பயந்தவர் அந்த ஆளோடு ஏன் மோத வேண்டும்?

சரி, இரத்தத்துக்கு வருகிறேன். சில நாட்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதமும் அங்கேயே வந்து நிற்கிறது. கோபமும் வந்தது, மறைக்கவில்லை.

தாகெஸ்தான் ரஷ்யாவின் தெற்கு ஓரத்தில், காகசஸ் மலைக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே இருக்கும் சின்னக் குடியரசு. அங்கே ஒரு இனம் இல்லை, ஒரு மொழி இல்லை. அவார், தார்கின், குமிக், லெஸ்கின், லாக் என்று எத்தனையோ மக்கள், முப்பதுக்கு மேற்பட்ட மொழிகள். கபீப் அவார். அவருக்குப் பிறகு அதே 70 கிலோ லைட்வெயிட் பட்டத்தை வென்ற இஸ்லாம் மகாச்சேவ் லாக். இதில் எந்த இரத்தத்தைச் சொல்கிறீர்கள்? இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு பயிற்சிக்கூடமும் ஒரு மனிதரும்தான். அந்த மனிதர் கபீபின் அப்பா அப்துல்மனாப்.

ராணுவத்தில் இருந்தவர். மல்யுத்தம், ஜூடோ, ரஷ்யப் பிடிச்சண்டையான சாம்போ மூன்றும் கற்றவர். வீட்டின் கீழ்த்தளத்தைப் பயிற்சிக்கூடமாக மாற்றினார். மகனோடு ஊர்ப் பிள்ளைகளும் அங்கே உருண்டு புரண்டார்கள். நீங்கள் பார்த்த வீடியோவில் இருப்பது சங்கிலியில் கட்டிய ஒரு கரடிக்குட்டி. உலகமே அந்த ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு, ஆகா, காட்டு வீரம் என்கிறது. அதே பையன் மற்ற நாட்களில் தன் வயதுப் பையன்களோடு ஒரே பிடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகியதை யாரும் வீடியோவாகப் பகிர்வதில்லை. கரடிக்குட்டியை விடுங்கள், தம்பி. அதுவே பாவம்.

அடுத்த முறை கபீபின் சண்டையைப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், கால்களைப் பாருங்கள். எதிராளியைக் கூண்டின் ஓரத்துக்கு நடத்திக்கொண்டு போவார். இடுப்பைக் கட்டிக் கீழே இறக்குவார். இறக்கியதும் அடிக்க அவசரப்பட மாட்டார். முதலில் தன் கால்களால் அவன் கால்கள் இரண்டையும் பின்னிப் பூட்டுவார். எழுவதற்கு அவன் ஒரு கையை ஊன்றுவான். அந்த மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்வார். இனி அவனுக்கு மிச்சம் ஒரு கை. அதைத் தரையில் ஊன்றினால் முகத்தில் குத்து விழும், முகத்தை மறைத்தால் எழ முடியாது. இப்படி அவன் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பார். 2013இல் ஏபெல் ட்ருஹியோவை ஒரே சண்டையில் 21 முறை கீழே சாய்த்தார், இந்தக் கூண்டுச் சண்டைகளை நடத்தும் அமெரிக்க அமைப்பான யுஎஃப்சியில் அது சாதனை. 21 முறை சாய்த்தார் என்றால் அவன் அத்தனை முறையும் எழுந்தான் என்று அர்த்தம். எழ எழ மறுபடி அதே பிடி, அதே பொறுமை. இரத்தம் கொதித்தவன் செய்கிற வேலையா இது? இரத்தம் கொதித்து அவர் செய்தது ஒன்று உண்டு. 2018 அக்டோபரில் லாஸ் வேகாசில் அயர்லாந்து வீரர் கானர் மக்ரெகரை நான்காவது ரவுண்டில் தோற்கடித்த கையோடு கூண்டைத் தாண்டிக் குதித்து, மக்ரெகரின் ஆட்கள் மேல் பாய்ந்தார். மக்ரெகர் தரப்பு அவருடைய அப்பாவையும் மதத்தையும் ஊரையும் இழுத்துப் பேசியிருந்தது உண்மை. என்றாலும் அது தவறு. ஒன்பது மாதத் தடையும் ஐந்து லட்சம் டாலர் அபராதமும் சரியான தண்டனை. அன்றிரவே நிருபர்களிடம், இனி அப்பா என்னைச் சும்மா விடமாட்டார் என்றார். அத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகும் அவருக்குப் பயமாக இருந்தது வாத்தியாரை நினைத்துத்தான். அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

வாத்தியார் என்றதும் எங்கள் ஊர்ச் சிலம்பு வாத்தியார் நினைவுக்கு வருகிறார். பகலில் நெல் அரவை மில்லில் மூட்டை தூக்குவார். பொழுது சாய்ந்ததும் கண்மாய்க் கரையில் கம்போடு நிற்பார். காசு வாங்க மாட்டார். பல மாதங்கள் கையில் கம்பையே தராமல் காலடியை மட்டும் போட வைப்பார். முட்டி மடங்காமல் நின்றால் கணுக்காலில் ஒன்று வைப்பார். நானும் வாங்கியிருக்கிறேன். சுற்றுப்பட்டு ஊர்த் திருவிழாக்களில் எங்கள் பையன்கள் இறங்கினால், ‘அந்த ஊர்க்காரனுக்கு இரத்தத்திலேயே கம்பு ஓடுதுப்பா’ என்பார்கள். நாங்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வோம். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவர் போய்விட்டார். அடுத்த பொங்கலுக்குக் கம்பெடுக்க ஆளில்லை. அதே பையன்கள், அதே அப்பன் ஆத்தா, அதே இரத்தம். நம் வீரம் எங்கே போனது என்று கேட்டீர்களே, அது இரத்தத்தில் இருந்ததே இல்லை. சாயங்காலம் தவறாமல் வந்து நின்ற ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளியிடம் இருந்தது. அவருக்கு அடுத்து ஒருவரை உட்கார வைக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. இரத்தத்தில் இருப்பது எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டோம். பரம்பரைப் பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான். அந்தப் பேச்சு உழைத்தவரின் பெயரை அழித்துவிட்டு, உழைக்காதவனுக்குப் பட்டம் கொடுக்கிறது.

அப்துல்மனாப் 2020 ஜூலை 3 அன்று கொரோனாவுக்குப் பின் வந்த உபாதைகளால் மாஸ்கோவில் இறந்தார். வயது 57. அமெரிக்க விசா சிக்கலால் மகனின் பெரிய சண்டைகளுக்கு அவரால் போக முடியாமலே இருந்தது. யுஎஃப்சியில் அவர் பயிற்சியாளராக மகன் பக்கம் மூலையில் நின்றது 2019 செப்டம்பரில், அபுதாபியில் டஸ்டின் புவாரியேயுடன் நடந்த ஒரே ஒரு சண்டைக்குத்தான். அதற்கு அடுத்த சண்டைக்கு அப்பா இல்லை. அதுதான் கேத்ஜியுடன் நடந்தது. முடிந்ததும் கபீப் கூண்டின் நடுவே மண்டியிட்டு அழுதார். அப்பா இல்லாமல் இனி சண்டையில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். 30 என்பது அழகான எண்தான், ஒப்புக்கொள்கிறேன். பெற்ற தாயிடம் கொடுத்த வாக்குக்கு முன்னால் அந்த எண்ணை எடுத்து வைக்க உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

வாத்தியார் போனதும் எங்கள் கண்மாய்க் கரை காலியானது. அங்கே அப்படி நடக்கவில்லை. 2022 அக்டோபரில், அதே அபுதாபியில், மகாச்சேவ் சார்லஸ் ஒலிவேராவை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்திப் பட்டத்தை எடுத்தார். மூலையில் இருந்தவர் கபீப். அடுத்த மாதம் கபீபின் உறவுமுறைத் தம்பி உஸ்மான், பெலட்டர் என்ற இன்னொரு கூண்டுச் சண்டை அமைப்பின் லைட்வெயிட் பட்டத்தை வென்றார். கபீபின் வாழ்க்கையில் 29 வெற்றிகளைவிட இந்த இரண்டு மாதங்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அப்பா நின்ற இடத்தில் போய் நின்றார், அவ்வளவுதான். அதை ஓட்டம் என்று உங்கள் நண்பர் சொன்னால், போய் ஒரு நாள் பத்துப் பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லிக்கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்கா மகன் விஷயம். கபீப் ஆவானா என்று யாராலும் சொல்ல முடியாது, அந்தக் கேள்வியைப் பையன் காதில் விழும்படி கேட்காதீர்கள். பக்கத்தில் ஜூடோவோ மல்யுத்தமோ சொல்லிக்கொடுக்கும் இடத்தைத் தேடுங்கள். சுவரில் மாட்டிய கோப்பைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு வாரம் ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். தோற்ற பையனிடம் வாத்தியார் என்ன பேசுகிறார், தலைக்கு அடிபட்டால் உடனே உட்கார வைக்கிறாரா, வளர்கிற பிள்ளையைப் பட்டினி போட்டு எடை குறைக்கச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னதைச் செய்பவர் என்றால் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பெரியவர்களையே மருத்துவமனையில் படுக்க வைத்த பழக்கம் அது.

அதுவரை வீட்டில் கபீப் வீடியோ வேண்டுமானால் பார்க்கட்டும், சின்னப் பிள்ளைகளின் கழுத்தை மட்டும் பிடிக்கக் கூடாது. அடுத்த கடிதத்தில் அவன் யாரிடம் சேர்ந்தான் என்று எழுதுங்கள்.